முன் கூரைக்கு லைனிங்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதிக்கொள்கிறேன்.

போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நமக்குள் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதை. இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் வைப்பீர்கள். முந்திக்கொண்டால் நான் வைப்பேன். கடிதத்தை அப்படிப் பட்டென்று வைக்க முடியாது. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு முழுசாகப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் கிளப்பே வரிசையில் நிற்க, என் காற்றுத் துப்பாக்கியை குண்டின் வேகம் அளக்கிற உங்கள் பெட்டிக்கு மேலே சுடச் சொன்னீர்கள். குண்டு விநாடிக்கு 240 மீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அது உரிமம் வாங்கவேண்டிய ஆயுதம். இதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? இந்த வட்டாரத்தில் பாதித் துப்பாக்கிகளை எல்லைக்குள் நிறுத்தி முத்திரை குத்திக் கொடுப்பதே என் பட்டறைதான். 242 என்றீர்கள். மறுபடி சுட்டேன், 242. மறுபடி, 243. பிறகு குனிந்த தலை நிமிராமல், “இது இங்கயே இருக்கட்டும். அடுத்தவங்க வாங்க” என்றீர்கள்.

அடுத்தவங்க வாங்க! நான் என்ன, மருந்துக் கடையில் சில்லறைக்கு நிற்கிறேனா? உங்களுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அண்ணன் வெளியூரில் இருக்க, காரை ஓட்டியவள் நான். அன்றைக்கு நான் எந்த எல்லையையும் பார்க்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

என் துப்பாக்கி இப்போது கிளப் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. நேற்று செயலாளரிடமிருந்து தாக்கீது வந்தது. 22ஆம் தேதி செயற்குழு கூடி முடிவு சொல்லும்வரை என் முத்திரை செல்லாதாம். முடிவு எனக்கு எதிராகப் போனால் எப்போதுமே செல்லாது. முத்திரை இல்லாத பட்டறைக்கு யார் வருவார்கள்? கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளவா வருவார்கள்?

என் பட்டறைப் பெட்டியில் அது 238தான். போட்டிக்கு முந்தின நாள்கூட அளந்தேன். உங்கள் பெட்டியில்தான் ஏதோ கோளாறு. அங்கேயே சொல்ல வாயைத் திறந்தேன். “கமிட்டியில சொல்லிக்கோ” என்றீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

அண்ணனுக்கு இதைக் காட்ட வேண்டாம். பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

உங்கள் நாத்தனார்


மார்ச் 7, சனி

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முழுசாகப் படித்தேன். உன் அண்ணனும் படித்தார். நான் காட்டவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். படித்துவிட்டு, “நான் கடைக்குப் போயிட்டு வரேன்” என்று போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெட்டியில் கோளாறு என்கிறாய். செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்ததையே உனக்கும் எழுதுகிறேன், உனக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது.

பெட்டிக்கு இரண்டு கண், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே ஓரடி. இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே குண்டு பறக்கும்போது அதன் நிழலை முன் கண் பார்த்ததும் உள்ளே கடிகாரம் ஓடத் தொடங்கும், பின் கண் பார்த்ததும் நிற்கும். அந்த நேரத்தை வைத்து வேகம் சொல்லும். நேர் வெயிலில் இந்தக் கண்கள் கூசும், நிழல் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே ஒரு வெள்ளைக் கூரை நிறுத்துகிறோம். வெயிலை வடிகட்டிச் சீராக இறக்கும். விற்கிறவர்கள் டிஃப்யூசர் என்பார்கள், கிளப்பில் எல்லோருக்கும் அது கூரைதான்.

பெட்டியோடு வந்த கூரைகள் இப்போது இல்லை. காரின் பின் சீட்டில் வைத்திருந்தேன், உன் அண்ணன் அதன்மேல் உட்கார்ந்தார். “ஏதோ நொறுங்குதே?” என்று கேட்டார், எழுந்திருக்காமலே. அந்த மாடலுக்கு உதிரிப் பொருள் வருவது நின்று போய்விட்டதாம். சரி போ என்று நானே செய்தேன். திரைச்சீலையும் விளக்கு ஷேடும் தைத்தே வயிறு வளர்க்கிறவளுக்கு வெளிச்சத்தை வடிகட்ட யாரும் சொல்லித்தர வேண்டாம். கடையில் இருப்பதிலேயே நல்ல ஷேடு துணி. கால்களுக்குப் பழைய குடைக் கம்பி. துப்பாக்கி வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் முன் கூரை மட்டும் ஒவ்வொரு முறை சுடும்போதும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கு மட்டும் உள்ளே லைனிங் கொடுத்து இரட்டையாகத் தைத்தேன். இப்போது மலைபோல் நிற்கிறது. போட்டியன்று கமிட்டியில் இருக்கிற பேக்கரிக்காரர் அதைத் தொட்டுப் பார்த்து, “கடையில வாங்குனதுன்னே நெனச்சேன்” என்றார்.

பெட்டியில் கோளாறு என்றால் அன்று அளந்த எல்லோருக்கும்தானே கோளாறு? உன்னைத் தவிர ஒருவரும் தாண்டவில்லை. நம் செயலாளர் பல் டாக்டர், 231 என்று நான் சொன்னதும் சின்னப் பிள்ளைபோல் குதித்தார். “என் கிழவிக்கு வயசு திரும்பிருச்சு!” என்று துப்பாக்கியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

இன்னொன்று. நான் தலை நிமிரவில்லை என்கிறாய். நிமிர்ந்திருந்தால் அந்த எண்ணை எழுதியிருக்க மாட்டேன். மூன்று முறை சுடச் சொன்னது உன்னைச் சந்தி சிரிக்க வைக்க இல்லை. ஒரு தடவையாவது 240க்குக் கீழே இறங்காதா என்றுதான். இறங்கவில்லை. நான் என்ன செய்ய?

பிரசவத்துக்குக் கார் ஓட்டியதைச் சொல்லிக்காட்டிவிட்டாய். ரொம்ப நல்லது.

அண்ணி


மார்ச் 11, புதன்

அண்ணி,

கார் விஷயத்தை எழுதியிருக்கக் கூடாது. வாய்க்கொழுப்பு. அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மற்றதற்கு வருகிறேன். பல் டாக்டருக்கு 231ஆ? நிஜமாகவா? அந்தத் துப்பாக்கியை வருஷா வருஷம் கழற்றி மாட்டுகிறவள் நான். 227க்கு மேல் அது போனதே இல்லை, போகவும் போகாது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அவ்வளவுக்குத்தான். அவர் அதற்கு டானிக் கொடுத்தாரா? துப்பாக்கி கிடக்கக் கிடக்க வேகம் குறையும் அண்ணி. ஏறாது. மனிதர்களுக்குத்தான் கோபம் கிடக்கக் கிடக்கக் கூடும்.

அவருக்கு நாலு கூடியிருக்கிறது. எனக்கும் நாலு. அன்றைக்கு அளந்த அத்தனை பேருக்கும் கூடியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அவர்கள் எல்லாம் எல்லைக்கு வெகு கீழே சுடுகிறவர்கள், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லையை ஒட்டி நிற்கிற கிறுக்கி நான் ஒருத்திதான்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். லைனிங் என்ற இடத்தில் நின்றேன். இரட்டைத் துணிக்குக் கீழே இருக்கிற கண்ணுக்கு வெளிச்சம் குறைவு, இல்லையா? அரை வெளிச்சத்தில் அது குண்டின் மூக்கைத் தவறவிடும். பாதிக் குண்டு தலைக்கு மேல் வந்த பிறகுதான் விழிக்கும். பின் கண்ணுக்கு ஒற்றைத் துணி, நல்ல வெளிச்சம். அது மூக்கைக் கண்டதுமே கடிகாரத்தை நிறுத்திவிடும். ஓடுகிறவன் கிளம்பிய பிறகு கடிகாரத்தை அழுத்தினால் எவனும் சாம்பியன்தான். நாம் அளப்பது ஓரடித் தூரம். அதில் ஒரு நகக்கண் அளவு பிசகினால் போதும், நாலு மீட்டர் கூடிவிடும்.

இது என் ஊகம்தான். ஊகத்தை வைத்துக்கொண்டு நான் செயற்குழுவில் நின்றால் நீங்கள் சொன்ன பழமொழியைத்தான் அவர்களும் சொல்வார்கள். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு கூரைகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். லைனிங் போட்டது பின்னால், ஒற்றை முன்னால். அதே துப்பாக்கி, அதே குண்டு. எண் மாறவில்லை என்றால் தப்பு என்னுடையது. வாயைப் பொத்திக்கொண்டு முத்திரையைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுகிறேன்.

வீறாப்பாக எழுதுகிறேனே தவிர, பயமாக இருக்கிறது அண்ணி. என் பட்டறைப் பெட்டி பொய் சொல்லியிருந்தால்? அப்போது என் துப்பாக்கி மட்டும் இல்லை, நான் முத்திரை குத்திய ஒவ்வொன்றும் எல்லை தாண்டியது. என்னை நம்பி வாங்கிப் போனவர்கள் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கால் தெரிந்தால் மூச்சுக்கூட விடுவதில்லை. என் கைமேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஆனதே இல்லை.

மாற்றி மாட்டிப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 14, சனி

அம்மாடி,

உன் ஊகம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்னால் முடியாது.

கிளப்பில் என்னை ஏன் அளக்க உட்கார வைத்தார்கள் தெரியுமா? முகதாட்சண்யம் பார்க்க மாட்டாள் என்று. உன்னை நிறுத்தியதால் அந்தப் பெயர் இன்னும் கெட்டியானது. இப்போது போய்க் கூரையை இப்படி மாட்டினேன், அப்படி மாட்டினேன் என்றால், “பாத்தீங்களா, வீட்டுல சண்டை முடிஞ்சுது, கணக்கும் மாறிடுச்சு” என்று முதலில் சொல்கிறவர் அந்தப் பேக்கரிக்காரராகத்தான் இருப்பார். அளந்தது அளந்ததுதான். மேலும், என் தையலில் ஒரு பிசகு என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. நீ முதல் ஆளாக இருக்க வேண்டாம்.

முத்திரை போனாலும் உனக்குக் கை இருக்கிறது. பிழைத்துக்கொள்வாய்.

அண்ணி

ஞாயிறு.

மேலே இருப்பதை உறையில் போட்டு ஒட்டித் தபால்பெட்டி வரை போனேன். போடாமல் திரும்பி வந்துவிட்டேன். “பிழைத்துக்கொள்வாய்” என்று எழுதியது நான்தானா என்று இருந்தது. அதைக் கிழிக்கவில்லை, கூடவே அனுப்புகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று நீயும் தெரிந்து வைத்துக்கொள்.

காலையில் கடையைத் திறந்து இரண்டு கூரைகளையும் கண்ணாடி ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பின் கூரை பளிச்சென்று வெள்ளை. முன் கூரை, சாயங்காலம் ஆறு மணி. அம்மாடி, படுக்கையறை விளக்குக்கு வெளிச்சம் மட்டாக இருக்கட்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? “லைனிங் குடுத்துத் தெச்சுத் தரேன், கண்ணு உறுத்தாது” என்று தினம் சொல்கிறேன். தினம்! அதே வாயால் முன் கூரை மலைபோல் நிற்கிறது என்று உனக்குப் பெருமை அடித்திருக்கிறேன். துணி அசைகிறதா என்று பார்த்தேனே ஒழிய, துணி எதற்கு என்று பார்க்கவில்லை.

உன் அண்ணனைக் கூப்பிட்டு வீட்டுப் பின்பக்கம் நிறுத்தினேன். அவர் துப்பாக்கி, ஒரே டப்பாக் குண்டு. கூரைகள் இருந்தபடியே இருக்க, 224. இடம் மாற்றினேன், 216. மறுபடி பழையபடி, 224. மறுபடி மாற்றினேன், 216. “என்னம்மா இது, லிஃப்ட் மாதிரி ஏறி எறங்குது?” என்றார். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கத்தில் அழுதேனா, உன் கை சரியாக இருக்கிறதே என்ற நிம்மதியில் அழுதேனா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன் அண்ணன் என் முதுகைத் தட்டிக்கொண்டே, “நான் ஒக்காராம இருந்திருந்தா இவ்வளவும் வந்திருக்காது” என்றார். முதல்முறையாக ஒப்புக்கொண்டார்.

உன் பெட்டி பொய் சொல்லவில்லை. நீ முத்திரை குத்தியது எதுவும் பொய் இல்லை. முதலில் ஷட்டரை முழுசாகத் தூக்கு.

ஆனால் பேக்கரிக்காரர் விஷயம் அப்படியே இருக்கிறது. நான் சொன்னால் நம்புவார்களா? ஒரு வழி சொல்.

அண்ணி


மார்ச் 17, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

கை வந்துவிட்டது, பாருங்கள்.

வயிற்றில் பால் வார்த்தீர்கள். 216 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து டயர் கடைக்காரர் ஸ்பேனரோடு ஓடிவந்தார், திருடன் என்று நினைத்து. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் புரியாமலே, “ரொம்ப சந்தோசங்க” என்றார். அன்றைக்குச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டியது.

சனிக்கிழமைக் கடிதத்தையும் படித்தேன். அதை அனுப்பாமலே இருந்திருக்கலாம். அனுப்பினீர்களே, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை நம்பினேன்.

இப்போது வழி. இத்துடன் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் அனுப்புகிறேன். டிஸ்டில்டு வாட்டர் வந்த கேன்தான், கழுவிவிட்டேன். பால் நிற உடம்பு, எழுத்து எதுவும் அச்சடிக்கவில்லை. இரண்டு கூரையும் இந்த ஒரே கேனிலிருந்து வெட்டுங்கள். உங்கள் காலில் விழுகிறேன், தைக்காதீர்கள்! ஊசியை எடுத்து ஒளித்து வைத்துவிடச் சொல்லி அண்ணனிடம் சொல்லுங்கள். கம்பியில் செருகிக் கிளிப் போட்டால் போதும். இந்தப் பிளாஸ்டிக் விறைப்பானது, அடித்துக்கொள்ளாது. அப்படியும் ஆடினால் துப்பாக்கியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துச் சுடலாம். படபடப்புக்கு மருந்து தூரம்தான், லைனிங் இல்லை.

கூட்டத்தில் என் துப்பாக்கியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். கிழவியைப் பற்றி மட்டும் பேசுங்கள். கூரையைப் பல் டாக்டரே மாட்டட்டும், அவர் துப்பாக்கியை அவரே சுடட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு எட்டி நில்லுங்கள். அவருக்கு 231ஆ 227ஆ என்று ஒரு சண்டை வந்தால் போதும், என் வழக்கு தானாக ஓடிவிடும்.

நான் வரவில்லை. வந்தால் யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 23, திங்கள்

அம்மாடி,

முதலில் நல்ல செய்தி. முத்திரை உன்னுடையதுதான். செயலாளரின் தாக்கீது இன்றோ நாளையோ வரும். இனி மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

உன் கேனை அப்படியே வெட்ட முடியாது. எங்கும் ஒரே கனம் என்று நீ நினைத்தாய். வெளிச்சத்தில் பிடித்தால் அடிப்பக்கம் தடித்துக் கருப்பாகத் தெரிந்தது, தோள்பக்கம் மெலிந்து கண்ணைப் பறித்தது. ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வெட்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து அழவேண்டியதுதான். அதனால் வயிற்றுப் பகுதியில் ஒரே உயரத்தில் சுற்றி ஒரு பட்டை எடுத்து, ஒட்டுக்கோடு வருகிற இடத்தை எறிந்துவிட்டு, மீதியை இரண்டாக்கினேன். ஜன்னலில் பிடித்து உன் அண்ணனிடம் எது முன், எது பின் என்று கேட்டேன். “ரெட்டப் புள்ளைங்க” என்றார். அப்புறம்தான் குடைக் கம்பியில் ஏற்றினேன். ஊசியைத் தொடவில்லை, சத்தியமாக.

நேற்று கூட்டத்தில் நீ சொன்னபடி ஆரம்பித்தேன். பல் டாக்டரிடம், “டாக்டர், உங்க 231 மேல எனக்கு ஒரு சந்தேகம்” என்றேன். அவ்வளவுதான், மனிதர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்ன சந்தேகம்? நீங்கதானே எழுதினீங்க!” எதிர்பார்த்தபடியே பேக்கரிக்காரர், “நாத்தனாருக்காக அடி போடுறாங்க” என்றார். மைதானத்துக்கு வாருங்கள், மாட்டுவது, சுடுவது, எண்ணை வாசிப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டேன்.

துணிக் கூரைகளைப் பழையபடியே மாட்டிச் சுட்டார். 231. “பாத்தீங்களா, என் கிழவி!” என்றார். பேக்கரிக்காரரே கூரைகளை இடம் மாற்றினார். 223. டாக்டர் முகத்தைப் பார்க்கணுமே! துப்பாக்கிக்குள்ளே எட்டிப் பார்த்தார், குழாயில் பார்க்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவர். மறுபடி சுட்டார், 223. “என் துப்பாக்கிக்கு என்ன ஆச்சு?” என்றார். “அது உங்க துப்பாக்கி இல்லைங்க டாக்டர், என் லைனிங்” என்றேன்.

கேன் கூரைகளைப் பேக்கரிக்காரர் மாட்டினார். 227. மறுபடி, 227. வயசு திரும்பிய கிழவி மறுபடி கிழவியானதில் டாக்டருக்கு நிஜமாகவே மனம் நொந்துவிட்டது. “231ஐயே வெச்சுக்கலாம்னு ஒரு தீர்மானம் போட முடியாதா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியில் பேக்கரிக்காரர் அவராகவே, “அலமாரியத் தொறங்க. அந்தப் பொண்ணோடதையும் பாத்துருவோம்” என்றார். உன் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். எனக்கு நெஞ்சு திக்குதிக்கென்று அடித்துக்கொண்டது. உன் ஊகம் சரி, என் கண்ணால் பார்த்த 216 சரி, எல்லாம் சரி, ஆனாலும் அடித்துக்கொண்டது. 238 என்று வாசித்தார். மறுபடி 238. மறுபடி 238. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உன் அண்ணன் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார், கேட்டால் தூசு என்கிறார்.

இனி அளக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். அந்தத் தப்பு எண்ணை எழுதியது என் கை. வேறு யாரையாவது உட்கார வையுங்கள் என்றேன். ஏற்கவில்லை. யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன். எனக்கென்னவோ நீ சொல்கிறபடி செய்யலாம் என்று இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் நீதான் சொல்லவேண்டும்.

துப்பாக்கி இப்போது நம் வீட்டில் இருக்கிறது. உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நான் தைத்த உறைதான், அதற்கு லைனிங் போட்டால் தப்பில்லை.

உன் அண்ணி


மார்ச் 27, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

தாக்கீது வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு டேபிளில் வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம், திமிர் என்பார்கள் என்று டிராயரில் போட்டேன். ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம் இவ்வளவு இனிமையானது என்று இதுவரை தெரியாது. டயர் கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கேன் விஷயத்தில் உங்களிடம் தோற்றேன். கனம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அனுப்பியதை நான் சொன்னபடியே வெட்டியிருந்தால் என் வாயாலேயே என் முத்திரை போயிருக்கும். நல்லவேளை, என் பேச்சைக் கேட்கிற வழக்கம் உங்களுக்கு இல்லை.

அளக்கிற வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், மறைக்க மாட்டேன். புதன்கிழமை வரை கொஞ்சம் கடுப்பு மிச்சம் இருந்தது. அப்புறம் இப்படி நடந்தது.

புதன் காலையில் மாட்டு டாக்டர் வந்தார். அவர் துப்பாக்கிக்குப் புது ஸ்பிரிங் மாட்டி, எல்லைக்குள் நிறுத்தி, அளந்து காட்டி, முத்திரையை எடுத்தேன். கை நீட்டித் தடுத்தார். “முத்திரை இருக்கட்டும். உங்க அண்ணி அளந்தாங்களா?” எனக்குச் சுர்ரென்றது. என் பட்டறையில் நின்றுகொண்டு என்னிடமேவா! “ஏன், என் அளவுக்கு என்ன கொறச்சல்?” என்றேன். “ஒரு கொறச்சலும் இல்லம்மா. ஆனா அவங்க சொந்த நாத்தனாரையே நிறுத்துனவங்க. அப்புறம் தன் தப்புன்னு தெரிஞ்சதும் ஊர் முன்னால தன்னையும் நிறுத்துனவங்க. அப்பேர்ப்பட்டவங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வரும்” என்றார்.

வியாழக்கிழமை வந்த தபால்காரரும் அதே கேள்வி. பிறகு அக்காவும் தங்கையுமாக இருவர் வந்தார்கள், அவர்களும். நீச்சல் சொல்லித்தருகிறவர், அவரும். கூட்டம் நடந்த விஷயம் கிளப்பிலிருந்து எப்படித்தான் இவ்வளவு தூரம் வந்ததோ! இன்றைக்கு வந்தவர் என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக, “அண்ணி என்னைக்கு வருவாங்க?” என்றார். இது என் பட்டறையா, உங்கள் பட்டறையா?

ஆகவே விடாதீர்கள். எனக்காக இல்லை, எனக்கு வியாபாரம் ஆகவேண்டும், அதற்காக. அடுத்த போட்டியில் என்னுடையது மறுபடி தாண்டினாலும் தயங்காமல் நிறுத்துங்கள். கத்துவேன். கத்திவிட்டு வீட்டுக்குப் போய் முதலில் என் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அண்ணனைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்புங்கள், ஆனால் காரில் பின் சீட்டைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். ஆறு துப்பாக்கியும் ஒரு வயிறுமாக வருகிறேன். ஆறையும் அளந்து கொடுங்கள். ஏழாவதற்கு அளக்காமல் சோறு போடுங்கள்.

உங்கள் நாத்தனார்